ஏற்காட்டில் இளைஞர் தலைமைப் பயிற்சி முகாம்: முதன்முறை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் இளைஞர் மன்றமோ, பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ, தெரு நூலகமோ நடத்துகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும்: பிள்ளைகளை இரண்டு இரவு மலைக்கு அழைத்துப் போய், தலைமைப் பண்பு, துணிவு, வாழ்க்கையில் தனக்கென்று ஒரு நோக்கம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவைக்க வேண்டும். ஆசை நல்லதுதான். ஆனால் அனுமதிக் கடிதம் எங்கே வாங்குவது, வண்டிக்கு என்னென்ன தாள் கேட்பது, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வசூலிப்பது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆள் இல்லாமல் நாங்கள் அலைந்திருக்கிறோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வெள்ளி காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பும் முகாமை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரு நாள் முகாமுக்கும் இதே வரிசை பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் கடிதம், கணக்கு, வண்டி, சாப்பாடு ஆகிய வேலைகளைப் பெரியவர்களே முடித்துவிட்டு, பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்துத் தலைமைப் பண்பைப் பற்றிச் சொற்பொழிவு வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த வேலைகள்தான் பயிற்சி என்பது என் கருத்து. ஆகவே ஒவ்வொரு படியையும் படிக்கும்போது, இதில் எதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் என்ற கேள்வியோடு படியுங்கள்.

1. யாருக்கு, எத்தனை பேருக்கு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையையும் கல்லூரி இரண்டாமாண்டு மாணவரையும் ஒரே முகாமில் சேர்க்காதீர்கள். பெரியவர்கள் பேசுவார்கள், சின்னவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 14 முதல் 17 வயது ஒரு முகாம், 18 முதல் 22 வயது வேறு முகாம் என்று பிரிப்பது நல்லது. சட்டப்படியும் இந்தப் பிரிவு முக்கியம்; 18 வயது நிரம்பாதவர்கள் அனைவரும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி குழந்தைகள்தான். அவர்களுக்கான பொறுப்பும் ஆவணங்களும் வேறு.

முதல் முறை 36 பிள்ளைகள், 4 பெரியவர்கள் என்ற அளவைத் தாண்ட வேண்டாம். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற இந்தக் கணக்கில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். பெண் பிள்ளைகள் வருவதாக இருந்தால் பெரியவர்களில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் போதாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

2. தேதி

மே மாதத்தை விட்டுவிடுங்கள். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நேரத்தில் தங்குமிடம் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது, மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை ஆபத்து உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெங்கல் புயல் கொடுத்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலை வகுப்புகளுக்கும் தேர்வு நெருக்கடி.

மிச்சமிருப்பது ஜூன் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை. மழை இருக்கும், ஆனால் சமாளிக்கலாம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் குகை வண்டி வேடிக்கையும் நடக்கும் நாட்களில் சேலத்துக் குடும்பம் எதுவும் பிள்ளையை வெளியூர் அனுப்பாது. நாட்காட்டியை வைத்துக்கொண்டு உட்காரும்போது ஆடி பதினெட்டையும் அதையொட்டிய இரண்டு வாரங்களையும் அடித்துவிட்டுத்தான் தேதி பார்க்க வேண்டும். காலாண்டுத் தேர்வு விடுமுறை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கல்லூரி மாணவர்கள் என்றால் ஆகஸ்டு கடைசி வாரம்.

முகாமுக்கு எட்டு வாரம் முன்பே தேதியை உறுதி செய்துவிடுங்கள். அதற்குக் குறைந்த காலத்தில் அனுமதிக் கடிதம் கைக்கு வராது.

3. தங்குமிடம்

ஏற்காட்டில் மூன்று வகை இடங்கள் கிடைக்கும். ஏரிக்கரைப் பக்கம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது. கிறித்துவ அமைப்புகளின் தியான இல்லங்களும், விடுமுறையில் காலியாக இருக்கும் பள்ளி விடுதிகளும் உண்டு. மூன்றாவது வகை தனியார் தங்கும் விடுதிகளும் காப்பித் தோட்டத்து வீடுகளும். முகாமுக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும். பெரிய கூடம், நீளமான சாப்பாட்டு மேசை, வரிசைப் படுக்கைகள், இரவில் அமைதி எல்லாம் அங்கே தானாகவே அமைந்திருக்கும். ஆனால் அவர்கள் தொலைபேசியில் பேசி முடிக்க மாட்டார்கள். கடிதத்தோடு நேரில் போக வேண்டும்.

தனியார் விடுதி என்றால் வார இறுதியில் பக்கத்து அறைகளில் யார் தங்குகிறார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். குடித்துக் கும்மாளம் போடும் கூட்டத்துக்கு நடுவே பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் படுக்கவைக்க முடியாது. தனிக் கட்டடமாகக் கொடுத்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்: ஆளுக்கு எவ்வளவு, சுடுதண்ணீர் எத்தனை மணி முதல், கம்பளி உண்டா, கூடத்துக்குத் தனி வாடகையா, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, மழையால் பாதை அடைபட்டால் முன்பணம் திரும்புமா என்ற ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். நாங்கள் தங்கிய ஓரிடத்தில், நாற்காலிகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஞாயிறு மதியம் ரசீதில் ஒரு வரி முளைத்தது. வண்டி புறப்படத் தயாராக நிற்கும்போது யாரும் சண்டை போட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இடத்தைப் பார்க்க முதல் முறை போகும்போதே பிள்ளைகளில் இருவரை உடன் அழைத்துப் போங்கள். கழிப்பறையின் தாழ்ப்பாளையும் மாடிப்படியின் கைப்பிடியையும் அவர்கள்தான் பார்ப்பார்கள். நாம் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

4. அனுமதிகளும் ஆவணங்களும்

அரசுப் பள்ளி மாணவர்களை வெளியே தங்க அழைத்துச் செல்வதற்குத் தலைமையாசிரியரின் வாய்மொழிச் சம்மதம் போதாது. அவர் வழியாக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் போக வேண்டும். விண்ணப்பத்தோடு மூன்று நாள் நிகழ்ச்சி நிரல், தங்குமிடத்தின் உறுதிக் கடிதம், உடன் வரும் பெரியவர்களின் பெயரும் அடையாளச் சான்றும், வண்டி விவரம் ஆகியவற்றை இணையுங்கள். நிகழ்ச்சி நிரலில் "இயற்கை நடை" என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரும். எங்கிருந்து எங்கே, எந்தச் சாலை வழியாக, எத்தனை மணிக்குள் என்று எழுதுங்கள். தனியார் பள்ளி என்றால் முதல்வரின் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். பள்ளி வழியாக வராமல் மன்றத்தின் பெயரில் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்தால் படிக்காமலே கையொப்பம் போட்டு அனுப்புவார்கள், அந்தக் கையொப்பத்துக்கு மதிப்பில்லை. படிவத்தில் இருக்க வேண்டியவை: புறப்படும் நேரம், திரும்பும் நேரம், தங்கும் இடத்தின் முகவரி, பெற்றோரின் இரண்டு தொலைபேசி எண்கள், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை போன்ற உடல்நிலை விவரங்கள், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை, சைவமா அசைவமா, அவசரம் ஏற்பட்டால் மருத்துவமனையில் சேர்க்க அனுமதி. புகைப்படம் எடுத்து வெளியிட ஒப்புதல் உண்டா இல்லையா என்பதைத் தனிக் கட்டமாகக் கேளுங்கள். இல்லை என்று ஒருவர் சொன்னாலும் அந்தப் பிள்ளை முகாமுக்கு வரலாம் என்று அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.

படிவத்தைக் கொடுத்தனுப்புவதோடு விடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை நேரில் கூட்டிப் பேசுங்கள். பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் கேட்க நினைப்பதை எந்தப் படிவத்திலும் எழுத மாட்டார்கள். யார் பக்கத்தில் படுப்பார்கள், இரவில் கழிப்பறைக்கு யார் துணை, மாதவிடாய் வந்தால் யாரிடம் சொல்வது என்பவை பெண் பொறுப்பாளர் நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். பாதிப் பெண் பிள்ளைகள் முகாமுக்கு வருவதும் வராததும் இந்த ஒரு கூட்டத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

உடன் வரும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும், அவர்கள் எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாகத் தனிநபர் சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள்; அதைப் பொருட்படுத்த வேண்டாம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியையும், பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். தவறு நடந்ததாகத் தெரிந்தால் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் போக்சோ சட்டப்படி குற்றம். "முகாமின் பெயர் கெட்டுவிடும்" என்று அமுக்கப் பார்ப்பவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரை அழைத்துப் போகாதீர்கள்.

புறப்படும் வாரத்தில் ஏற்காடு காவல் நிலையத்துக்குத் தேதி, எண்ணிக்கை, இடம், பொறுப்பாளர் எண் ஆகியவற்றோடு ஒரு தகவல் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குழு விபத்துக் காப்பீடு குறுகிய காலத்துக்கும் கிடைக்கிறது. பெயர், பிறந்த தேதிப் பட்டியல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

5. வண்டி

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நீளமான சொகுசுப் பேருந்தைவிட இரண்டு சிற்றுந்துகள் மேல். ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும். மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநர் வேண்டும் என்று கேட்டு, அவர் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய தாள்கள் நான்கு: பெர்மிட், எஃப்.சி. என்னும் வண்டித் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம். நான்கின் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். வாடகை குறைவு என்று ஓன் போர்டு வண்டியை அமர்த்தாதீர்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். மஞ்சள் பலகை இருந்தால்தான் பேச்சையே தொடங்க வேண்டும். வாடகை பேசும்போது ஓட்டுநர் படி, மலையேற்றக் கூடுதல் கட்டணம், இரவு நிறுத்தம் எல்லாம் சேர்த்தே பேசிவிடுங்கள். வெள்ளியன்று விட்டுவிட்டு ஞாயிறன்று வந்து ஏற்றிக்கொள்ளச் சொன்னால் செலவு குறையும். ஆனால் அவசரத்துக்கு வேறொரு கார் மேலே நின்றாக வேண்டும்.

அதிகாலையில் நிறைய சாப்பிட்டுவிட்டு ஏறினால் பத்தாவது வளைவுக்குள் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு இட்லி போதும். காகித உறைகளைக் கையில் கொடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை இருக்கிறது, மலையில் அதைக் கண்டிப்பாகவே பார்ப்பார்கள். மாத்திரை, பெற்றோர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும்.

அடிவாரப் பாதை அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறது. சுற்று அதிகம், ஆனாலும் ஓட்டுநருக்கு அந்த வழி தெரியுமா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

6. பணம்

கீழே உள்ள எண்களை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக எழுதுகிறேன். உங்கள் காலத்து விலையை நீங்கள் விசாரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வெள்ளி மதியம் முதல் ஞாயிறு மதியம் வரை ஏழு வேளைச் சாப்பாடு. 40 பேருக்கு 280 இலை. ஒன்றுக்கு 100 ரூபாய் வைத்தால் 28,000 ரூபாய். தங்குவதற்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 400 ரூபாய் என்றால், இரண்டு இரவுக்கு 32,000. வண்டிக்கு 24,000. காப்பீடு, முதலுதவிப் பெட்டி, தாள், எழுதுபொருள் 6,000. கூட்டினால் 90,000. இதன்மேல் பத்து சதவீதம் அவசரத் தொகை 9,000 சேர்த்தால் 99,000 ரூபாய் ஆகிறது.

பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். 99,000 ரூபாயை 40 பேரால் வகுத்து ஆளுக்கு 2,475 என்று அறிவித்துவிடுகிறார்கள். பெரியவர்கள் நால்வரும் பணம் கட்டப் போவதில்லை என்பதால் கடைசியில் 9,900 ரூபாய் துண்டு விழும். 36ஆல் வகுத்து 2,750 என்று அறிவிக்க வேண்டும். கட்ட முடியாத பிள்ளைகள் நான்கு பேராவது இருப்பார்கள்; அவர்களுக்கான 11,000 ரூபாயை அறிவிப்பு வெளியாகும் முன்பே நன்கொடையாகத் திரட்டிவிடுங்கள். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது பொறுப்பாளர்களில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தை யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் வாங்காதீர்கள். மன்றத்தின் பெயரில், இருவர் சேர்ந்து கையொப்பமிடும் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, வசூலும் செலவும் அதன் வழியாகவே நடக்கும்படி செய்யுங்கள். நன்கொடை தருபவர் கடை முதலாளியோ அரசியல் கட்சிக்காரரோ, யாராக இருந்தாலும், பேனரில் அவர் படம் வருமா என்ற கேள்விக்கு முதலிலேயே வராது என்று சொல்லிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

7. வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது

முகாமின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. மற்றவற்றில் சிக்கனம் பிடித்தாலும் இதில் நேரத்தைக் கொட்டுங்கள்.

36 பேரையும் ஆறு குழுக்களாகப் பிரித்து, கணக்கு, சாப்பாடு, நேரம், உடல்நலம், பயணம், இரவு நிகழ்ச்சி என்று ஆளுக்கொரு பொறுப்பு கொடுங்கள். மூன்று வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும், முகாமில் போய்க் கொடுப்பதற்கல்ல. சாப்பாட்டுக் குழு சமையல்காரரிடம் பேசி ஏழு வேளைக்கும் பட்டியல் போடட்டும். பயணக் குழு வண்டியின் நான்கு தாள்களையும் கேட்டு வாங்கி, தேதிகளைச் சரிபார்த்து உங்களிடம் காட்டட்டும். தாளைக் கேட்டால் வண்டி உரிமையாளர், "யாரு தம்பி நீ? பெரியவங்கள வரச் சொல்லு" என்பார். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. பத்து நொடி சங்கடம்தான். அதற்குப் பிறகு அந்தப் பையன், "நாங்கதான் அண்ணா பயணக் குழு, எஃப்.சி.ய பாக்கணும்" என்று சொல்வதைக் கேட்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

கணக்குக் குழுவின் கையில் உண்மையான பணத்தைக் கொடுங்கள். அன்றாடச் சில்லறைச் செலவுக்கு 3,000 ரூபாய், ஒரு பழைய பிஸ்கட் டப்பா, ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்குக் கணக்கை எல்லார் முன்னிலையிலும் படிக்க வேண்டும். ஒரு முகாமில் கணக்கு வாசித்த பெண் பிள்ளை, இருப்பில் நாற்பது ரூபாய் குறைகிறது என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு பொறுப்பாளர் தன் பையில் கையை விட்டுப் பணத்தை எடுக்க முயல, நல்லவேளையாக இன்னொருவர் அவர் கையைப் பிடித்துவிட்டார். அவள் நோட்டை மறுபடி மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்து, காலையில் ஏரிக்கரையில் தேநீர் வாங்கியதற்கு ரசீது இல்லாததைக் கண்டுபிடித்து, தானே எழுதிக் கையொப்பமிட்டாள். தலைமைப் பண்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச வந்திருந்த விருந்தினரின் உரையில் அன்றைக்கு யாருக்கும் எதுவும் நினைவில்லை.

குழுத் தலைவரை நாளுக்கொருவராக மாற்றுங்கள். இல்லாவிட்டால் வகுப்புத் தலைவராக இருந்து பழகிய, நன்றாகப் பேசத் தெரிந்த அதே நான்கு பேர் மூன்று நாளும் தலைவர்களாக இருப்பார்கள். பேசத் தயங்கும் பிள்ளைக்கு நேரக் குழுவின் தலைமை பொருத்தமானது: மணி அடித்தால் போதும், எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அடுத்த நாள் அவரே மற்றவர்களை அழைக்கத் தொடங்குவார்.

பொறுப்பைக் கொடுத்துவிட்டு நடுவில் பிடுங்காதீர்கள். சாம்பார் தண்ணீராக வந்தால் வரட்டும். சாப்பாட்டுக் குழு அதை இரவுக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளும். உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்கள் தலையிடலாம் என்பதை எழுதி ஒட்டிவிடுங்கள், அது பெரியவர்கள் படிப்பதற்காக.

8. துணிவு

துணிவுப் பயிற்சி என்றதும் கயிற்றில் தொங்கவிடுவதும், கண்ணாடித் துண்டின் மேல் நடக்கவைப்பதும், பாறையிலிருந்து குதிக்கச் சொல்வதும் சிலருக்கு நினைவுக்கு வருகின்றன. இவற்றை விற்றுப் பிழைக்கும் பயிற்சியாளர்களும் உங்களைத் தேடி வருவார்கள். உரிய சான்றும் கருவிகளும் இல்லாதவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்காதீர்கள். அவை இருப்பவர்களானாலும், முதல் முகாமுக்கு அது தேவையில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு உயரத்தைவிட நாலு பேர் முன்னால் வாய் திறப்பதுதான் அதிகப் பயம்.

ஆகவே பயிற்சிகளை அங்கிருந்து தொடங்குங்கள். முதல் மாலை, ஒவ்வொருவரும் எழுந்து தனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. இரண்டாம் நாள், இருவர் இருவராக, தங்களைவிட வயதில் மூத்த, முன்பின் தெரியாத ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும். ஏரிக்கரைக் கடைக்காரர், மிளகு விற்கும் அம்மா, படகுத் துறை ஊழியர் என்று யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். பெரியவர் ஒருவர் பார்வைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்குப் போவதாக இருந்தால் ஊர்ப் பெரியவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில், சொல்லும் எண்ணிக்கையில் போக வேண்டும். அவர்கள் வீட்டு வாசலைக் காட்சிப் பொருளாக்கிப் படம் பிடிக்கக் கூடாது.

மூன்றாவது பயிற்சி கடினமானது, ஆனால் பயன் அதிகம். நண்பன் ஒருவன் செய்யும் தவற்றை அவனிடமே சொல்வது எப்படி என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பில் ஒருவரைச் சாதி சொல்லிக் கேலி செய்யும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம், மூவர் ஏறிய இருசக்கர வண்டியில் நாலாவதாக ஏறச் சொன்னால் எப்படி மறுப்பது போன்ற காட்சிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். சாதிப் பேச்சு வரும்போது அமுக்காதீர்கள், ஆனால் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் கூடத்தில் இருக்க வேண்டும். யாரையும் தன் சொந்தக் காயத்தைச் சொல்லும்படி வற்புறுத்துவதும் கூடாது. இரவு நேரத்தில் விளக்கணைத்து, இசை போட்டு, பிள்ளைகளை அழவைப்பது சில முகாம்களில் வழக்கமாகிவிட்டது. அழவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால், மறுநாள் அந்தப் பிள்ளையைத் தேற்ற அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

9. நோக்கம்

"உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன?" என்று நேராகக் கேட்டால், "கலெக்டர் ஆகணும்" என்ற பதில் வரும். அது பதவி. கேள்வியைச் சிறியதாக்குங்கள்.

முகாமுக்கு வரும் முன் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது ஒருவரிடம் உட்கார்ந்து, அவர்கள் என்ன வேலைக்குப் போக ஆசைப்பட்டார்கள், எதற்காக இந்த வேலைக்கு வந்தார்கள், இதில் எதைச் சரியாகச் செய்ததாக நினைக்கிறார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் ஜவ்வரிசி ஆலையிலும் நாள் முழுவதும் உழைக்கிறவர்களின் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். அந்த ஒரு பக்கத்தை எழுதும் வரை பலர் அந்தக் கேள்வியை வீட்டில் கேட்டதே இல்லை.

எடுத்துக்காட்டுகளை நம் மாவட்டத்திலிருந்தே எடுங்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது காலில் படுகாயமடைந்தவர்; 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கமும், பின் டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரீஸில் வெண்கலமும் வென்றார். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணிக்காக ஆடத் தொடங்கியவர். தன் ஊரிலேயே கிரிக்கெட் பயிற்சிக் களத்தை உருவாக்கியிருக்கிறார். வெற்றியைப் புகழ்வதோடு நிறுத்தாமல், வென்ற பிறகு ஊருக்குத் திரும்பி ஒரு களம் அமைக்க ஒருவருக்கு ஏன் தோன்றுகிறது என்று விவாதியுங்கள். அதில்தான் பிள்ளைகள் சண்டை போட்டுப் பேசுவார்கள்.

இரண்டாம் நாள் மாலை லேடீஸ் சீட் பக்கம் அழைத்துப் போகலாம். அங்கிருந்து சேலம் நகரம் முழுவதும் தெரியும். ஒவ்வொருவரும் தன் பகுதி எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, அங்கே தன்னைத் தொந்தரவு செய்யும் ஒரே ஒரு விஷயத்தை ஓர் அட்டையில் எழுதட்டும். தெருவிளக்கு, சாக்கடை, பள்ளிக் கழிப்பறை, பேருந்து நிற்காத நிறுத்தம். ஊழலை ஒழிப்பது போன்ற பெரிய பேச்சுகளைத் திருப்பிக் கொடுத்து, முகவரி உள்ள பிரச்சினையாக எழுதச் சொல்லுங்கள். அந்த அட்டை முகாமுக்குப் பிறகு வரும் 90 நாள் வேலைக்கான விதை, பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் வண்டியில் ஏறிவிட வேண்டும்.

10. நடையும் உடல்நலமும்

நடைக்குத் தார்ச்சாலையே போதும். சேர்வராயன் கோயில் மேடு வரை அதிகாலையில் நடந்து போகலாம். பனிமூட்டம் இருந்தால் வரிசையின் முதலிலும் கடைசியிலும் பிரதிபலிப்புப் பட்டை அணிந்த பெரியவர்கள் இருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை மறந்துவிடாதீர்கள். மலையேற்றம் வேண்டும் என்றால் 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். காப்பித் தோட்டங்கள் தனியார் சொத்து. மேலும் அங்கே காட்டெருமை நடமாட்டம் உண்டு. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் தோட்டத்துக்குள் போகவே வேண்டாம். கிளியூர் அருவியை முதல் முகாமில் தவிர்த்துவிடலாம். மழைக்குப் பின் பாறை வழுக்கும், தண்ணீரைக் கண்டதும் பிள்ளைகள் கட்டுப்பட மாட்டார்கள்.

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய பிரச்சினை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். 108க்கு அழைத்தாலும் மலைப்பாதை இறங்க நேரமாகும் என்பதால், மேலே நிற்கும் கார் கட்டாயம். சில தோட்டத்து விடுதிகளில் கைப்பேசி இணைப்பு கிடைக்காது. இடம் பார்க்கப் போகும்போதே எந்த மூலையில் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும், அது சட்டம்.

11. இறங்கிய பிறகு

ஒரு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கை ரசீது நகல்களோடு பெற்றோருக்கு அனுப்புங்கள். மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், அல்லது அடுத்த முகாமுக்கு வைத்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நன்றிக் கடிதங்களைப் பிள்ளைகளே எழுதட்டும்: சமையல்காரருக்கும் ஓட்டுநர்களுக்கும் முதலில்.

பிறகு அட்டைகளை எடுங்கள். ஒரே பகுதிப் பிள்ளைகள் மூவர் நால்வராகச் சேர்ந்து ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, தேதியோடு படம் எடுத்து, ஒரு பக்கத்துக்குள் மனு எழுத வேண்டும். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. பள்ளி நாளாக இருக்கும் என்பதால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், காலையிலேயே போய்விடுங்கள். ஊராட்சிப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வாக்காளர்களே அதன் உறுப்பினர்கள் என்பதால், 18 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரில் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், ஊராட்சி அலுவலகத்தில் முன்பே சொல்லிவைத்துப் பேசுவது நல்லது. தீர்மானப் பதிவேட்டில் தங்கள் கோரிக்கை ஏறியதா என்று கூட்டம் கலையும் முன் பார்த்துவிட வேண்டும்.

மனுவின் ரசீது எண்ணை அட்டையின் பின்புறம் எழுதி, முகாம் கோப்பில் சேர்த்துவிடுங்கள். முகாம் முடிந்த முப்பதாம் நாள் பிள்ளைகளை மறுபடி கூட்டுங்கள்; அந்தக் கூட்டத்தை அந்த எண்களின் நிலை என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். எந்த அலுவலகத்திலிருந்தும் பதில் வராத மனுக்களுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதுவது அன்றைய வேலை.